ஆரஞ்சு மூடி, சிவப்பு மூடி

கடலூர்க்காரர்களுக்கு ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: பாண்டிச்சேரியிலிருந்து யாராவது மது கடத்துகிறார்களா என்று பார்க்கும் இடம். 2024 ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், பாண்டிச்சேரியிலிருந்து திரும்பும்போது பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும் என்னையும் ஓரங்கட்டச் சொன்னார்கள். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதற்குள் பூனை. தோளில் தொங்கிய பையில் ஒரு சின்ன பிளாஸ்க். காவலர் பூனையைக் கண்டுகொள்ளவேயில்லை. பிளாஸ்க்கைத்தான் காட்டினார்.

"அதுல என்ன?"

"மருந்து சார்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. திறங்க."

திறந்தேன். ஐஸ்கட்டிகளுக்கு நடுவே துணியில் சுற்றிய சுண்டுவிரல் உயரக் குப்பி. எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இன்சுலின் என்று படித்ததும் குரல் இறங்கிவிட்டது. யாருக்கு என்று கேட்டார். கூடையைக் காட்டினேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. "வீட்டுல வேற யாருக்கும் சுகர் இல்லையா?" என்றார். அம்மாவுக்கு இருக்கிறது, இருபது வருஷமாக, ஊசிதான் என்றேன். "அவங்களுக்கு யாரு போட்டு விடறது?"

"அவங்களே போட்டுக்குவாங்க சார்."

"ம்" என்றார். குப்பியைத் துணியில் சுற்றி, நான் வைத்திருந்ததைவிடப் பத்திரமாகவே உள்ளே வைத்து மூடிக் கொடுத்தார். அவ்வளவுதான். அந்த ஒற்றை "ம்" மஞ்சக்குப்பம் வரைக்கும் கூடவே வந்தது. வீட்டுக்குள்ளும் வந்தது. இன்னும் போகவில்லை, அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எறும்பு சொன்ன சேதி

பூனையின் பெயர் பாண்டி. பதினொரு வருஷத்துக்கு முன் அரியாங்குப்பத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்த குட்டி. ஊரை நினைத்து வைத்த பெயர். அதனால் "பாண்டியைப் பாண்டிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று நான் சொல்லும் ஒவ்வொரு முறையும் வீட்டில் யாராவது சிரிப்பது வழக்கம். கடுவன். குடும்பக் கட்டுப்பாடு செய்தது. உச்சத்தில் ஆறே முக்கால் கிலோ. அதில் எங்களுக்குப் பெருமை வேறு. மத்திச் சாறு ஊற்றிப் பிசைந்த சோறு, சாயங்காலம் அம்மாவின் டீயில் நனைத்த பிஸ்கட், ராத்திரிக்குக் கடையில் வாங்கும் உலர் தீவனம்.

சித்திரை முடிந்து அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்தபோது பாண்டி நிறையத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். வெயில் என்று நினைத்தேன். பூனை இயல்பில் பாலைவனத்துப் பிராணி. இரையின் ஈரத்திலேயே காலம் தள்ளக்கூடியது. அது கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுக் குழாயடியிலும் நக்குகிறது என்றால் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. வயசாகிவிட்டது என்றேன். காம்பவுண்டுச் சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறாமல் உட்கார்ந்துகொண்டான். அதற்கும் வயசு. பின்னங்கால்களில் விரல் மட்டும் ஊன்றி நடக்க வேண்டியவன், குதிகால் வரைக்கும் தரையில் பதித்துக் கிழவர் மாதிரி நடந்தான். அதை வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன், "உன் தம்பி நடையைப் பார்" என்று. சர்க்கரை நரம்பைத் தாக்கினால் பூனை அப்படித்தான் நடக்கும் என்பது பிறகு தெரிந்தது. அந்த வீடியோவை அழிக்கவும் மனசு வரவில்லை, திரும்பப் பார்க்கவும் முடியவில்லை.

கண்டுபிடித்தது அம்மா. பின்கட்டில் பாண்டிக்காக மணல் கொட்டி வைத்த தட்டு ஒன்று உண்டு. ஒரு நாள் காலையில் துடைப்பத்தோடு போனவள் அங்கேயே நின்று கூப்பிட்டாள். தட்டின் ஓரத்திலிருந்து சமையலறை நிலைப்படி வரை பிள்ளையார் எறும்பு சாரை. ஈர மணலின் கட்டிகளைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தது.

"இதுக்குச் சுகர்டா" என்றாள்.

நான் சிரித்தேன். பூனைக்கு எங்கேயாவது சுகர் வருமா என்று கேட்டேன். "வராம? மூத்திரத்துல எறும்பு மொய்ச்சா வேற என்ன? எங்க தாத்தாவுக்கு எந்த லேப்ல பார்த்தாங்க?" என்றாள். பழைய ஆயுர்வேத நூல்கள் இந்த நோய்க்கு மதுமேகம் என்று பெயர் வைத்ததே சிறுநீர் தேன்போல இனிப்பதால்தான். எறும்புக்கு அது தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

மாஸ்டர் பாண்டி

பாண்டிச்சேரியில் கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்தபோது சர்க்கரை 380 காட்டியது. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர மாட்டேன் என்றார். பூனை பயந்தாலே சர்க்கரை ஏறிவிடுமாம். கூடையில் அடைத்து இருபது கிலோமீட்டருக்கு மேல் ஸ்கூட்டரில் கொண்டுவந்த பூனைக்கு எத்தனை இருந்தால் இயல்பு என்று யார் சொல்வது? அதனால் சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஃப்ரக்டோசமைன் என்று ஒரு பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார். கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியை அது காட்டிக் கொடுத்துவிடும், அன்றைய பயம் அதில் தெரியாது. மனிதர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை பார்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். முடிவு வந்தது. அம்மா சொன்னதுதான்.

மாத்திரை கிடையாதா என்று அம்மா கேட்டாள். "என்னோட மெட்ஃபார்மின்ல பாதி உடைச்சுக் கொடேன்." அது பூனைகளுக்கு எடுபடாது, இன்சுலின்தான் என்றார் மருத்துவர். கிளார்ஜின், பன்னிரண்டு மணிநேரத்துக்கு ஒரு முறை. ஒரு யூனிட்டில் ஆரம்பித்து இரண்டில் நிறுத்தினார். சோற்றை அறவே நிறுத்தச் சொன்னார். பூனை முழுக்க முழுக்க மாமிசம் தின்னப் பிறந்தது. அரிசிச் சோறும் மாவு சேர்ந்த உலர் தீவனமும் அதற்குப் பாரம். அதற்காக வெறும் மீனாகவே போட்டாலும் சத்துக் குறையுமாம், குறிப்பாகப் பச்சை மத்தியும் நெத்திலியும் வேண்டாம் என்றார். மாவு குறைந்த ஈரத் தீவனப் பொட்டலமும் வேகவைத்த கோழியும் என்று முடிவானது. சோறு இல்லாத சாப்பாட்டை அம்மாவால் சாப்பாடு என்றே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "பட்டினி போடறியா பிள்ளையை?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மருந்துக் கடையில் பில் போட நோயாளி பெயரும் வயதும் கேட்டார்கள். பாண்டி, பதினொன்று என்றேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "சின்ன வயசுலயே வந்துடுச்சே சார், பாவம்" என்றார். திருத்தத் தோன்றவில்லை. பில்லில் "மாஸ்டர் பாண்டி" என்று இருந்தது. இன்னும் வைத்திருக்கிறேன்.

ஊசி போடக் கற்றுக்கொடுத்ததும் அம்மாதான். மருத்துவர் காட்டியபோது என் கண் ஊசியில் இருந்தது, கை நடுங்கியது, ஒன்றும் மனசில் பதியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, புடவையை லேசாக விலக்கி, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிக் காட்டினாள். "தோலைத் தூக்கினா கூடாரம் மாதிரி நிக்கும் பாரு, அந்தக் கூடாரத்துக்குள்ள போடணும். குத்தாத, நுழை." இருபது வருஷத்தில் அவள் ஊசி போட்டுக்கொள்வதை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். வயிறெங்கும் சின்னச் சின்னப் புள்ளிகள், இடது பக்கம் ஒரு இடம் கல் மாதிரி தடித்திருந்தது. ஒரே இடத்தில் போட்டால் அப்படித்தான் ஆகும், பூனைக்கு இடம் மாற்றி மாற்றிப் போடு என்றாள். நானும் பூனையைப் பற்றி மட்டுமே கேட்டுக்கொண்டேன்.

இரண்டு மூன்று முறை ஊசி தோலின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்து மருந்து முடியில் இறங்கிவிட்டது. பழைய ஆஸ்பத்திரி வராண்டாவின் வாசனை அடிக்கும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். உள்ளே எவ்வளவு போனது என்று சந்தேகமாக இருந்தால் மறுபடி போடவே கூடாது. ஒரு வேளை சர்க்கரை ஏறினால் பரவாயில்லை, இறங்கினால் ஆபத்து. இதை மருத்துவர் இரண்டு தடவை சொன்னார். அம்மாவின் குளுக்கோமீட்டரையே எடுத்து, பாண்டியின் காதை விரலால் தேய்த்துச் சூடாக்கி, ஓரத்து நரம்பில் குத்தி ஒரு சொட்டு எடுக்கப் பழகினேன். 200 பக்க நோட்டு ஒன்று போட்டேன். தேதி, மணி, எண், யூனிட், எத்தனை கிராம் சாப்பிட்டான், எத்தனை முறை சிறுநீர். காலை ஏழு, மாலை ஏழு என்று ஃபோனில் அலாரம். சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் கிளம்பி வந்தேன். ஒரு கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முன்பே எழுந்துவிட்டேன்.

"மனுஷனுக்கே வழியக் காணோம், பூனைக்கு இன்சுலினா?" என்று அந்தக் கல்யாணத்தில் சித்தி கேட்டாள். இதற்கு என்னிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. 1889இல், அப்போது ஜெர்மனி வசம் இருந்த ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒரு நாயின் கணையத்தை எடுத்துப் பார்த்துத்தான் இந்த நோய் எங்கிருந்து வருகிறது என்றே தெரிந்தது. 1921இல் டொரண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டுபிடித்ததும் நாய்களை வைத்துத்தான். பிறகு அறுபது வருஷத்துக்கு மனிதர்கள் போட்டுக்கொண்டது மாட்டின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும். பூனையின் இன்சுலினுக்கும் மாட்டின் இன்சுலினுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். மருந்தே விலங்கு கொடுத்தது, திருப்பிக் கொடுப்பதில் என்ன தப்பு? சித்திக்கு இதைச் சொல்லி வாயடைத்தேன். ஆனால் ஆல்பேட்டைக் காவலர் கேட்ட கேள்வி இது இல்லையே.

புயல் ராத்திரி

நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கத்தில் கரையேறிய ராத்திரி. 2011இல் தானே புயலைப் பார்த்த ஊர் என்பதால் எங்கள் பக்கம் எல்லாரும் இரண்டு நாளாகவே மெழுகுவத்தி, பால் பவுடர் என்று வாங்கி வைத்திருந்தோம். நான் குடத்தில் மணல் போட்டு நனைத்து, மின்சாரம் போனால் குப்பிகளை வைக்க ஏற்பாடு செய்திருந்தேன். அந்தப் பழைய பானை வித்தையும் அம்மாவுடையதுதான். எல்லாம் செய்தவன் ஊசி சிரிஞ்சை எண்ணிப் பார்க்கவில்லை. காலையில் போட்டது கடைசி. கடைகள் மூடிவிட்டன, மின்சாரம் மத்தியானமே போய்விட்டது. ஏழு மணி அலாரம் அடித்தது. அம்மாவின் பெட்டியில் சிரிஞ்சு இருந்தது. ஊசிதானே, எல்லாம் ஒன்றுதானே என்று ஒன்றை எடுத்தேன். ஃபோன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டாவது கோடு வரை இழுத்து, கூடாரத்துக்குள் நுழைத்தேன்.

சுகர்காரர்கள் இதற்குள் தலையில் கை வைத்திருப்பார்கள். நம் ஊரில் அம்மா போட்டுக்கொள்கிற மாதிரியான குப்பி இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சு சிவப்பு மூடி. பாண்டியின் கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடியின் இரண்டு கோட்டில் ஆரஞ்சு மூடிக்கான மருந்தை இழுத்தால் உள்ளே போவது இரண்டு யூனிட் இல்லை, ஐந்து. இரண்டரை மடங்கு. டார்ச் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒரே மாதிரி இருந்தன என்று சொல்லிக்கொள்ளலாம்தான். உண்மை என்னவென்றால் நான் மூடியைப் பார்க்கவேயில்லை. அம்மாவின் ஊசியை நான் என்றைக்குப் பார்த்தேன்?

பதினொன்றரை இருக்கும். காற்று இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழவில்லை. பின்கட்டுத் தகரம் ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாதான் எழுப்பினாள். "டேய், பாண்டி சரியில்ல." அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் தலையைச் செருகிக்கொண்டு நின்றான். தூக்கினால் கழுத்து நிற்கவில்லை. கண்மணிகள் கறுத்து விரிந்திருந்தன, எதையும் பார்க்காத கண். பின்னங்கால்கள் தாமாக உதறின. புயல் பயம் என்று நினைத்தேன். அப்படித்தான் சொல்லவும் செய்தேன். அம்மா அவன் வாயோரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பயம் இல்ல. இறங்கிப்போச்சு. லோ சுகர்" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்க நேரமில்லை. மீட்டரில் 38. மருத்துவருக்கு அடித்தேன், டவரே இல்லை. தேன் எங்கே என்று சமையலறைக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் தேனும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு முன் அம்மாவின் சர்க்கரை எகிறியபோது டப்பாவை எடுத்துக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தவன் நான். விருந்தாளிக்குக்கூட டீ சர்க்கரை இல்லாமல்தான். அதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பாண்டி. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தாள். எப்போதோ அப்பா வைத்திருந்த பழைய பன்னீர்ப் புகையிலை டப்பா. அதில் சர்க்கரை. உள்ளங்கையில் கொட்டி, செம்பிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலால் அவன் ஈறில் தேய்த்தாள். நான் தண்ணீரில் கரைத்து ஊற்றலாமா என்றேன். "ஊத்தாத, புரையேறிடும். ஈறுலயே இழுத்துக்கும்." தேய்த்தாள், நிறுத்தினாள், மறுபடி தேய்த்தாள். ஒருமுறை பாண்டி அறியாமல் கடித்து விரலில் ரத்தம் வந்தது. கையை எடுக்கவில்லை. கால் மணி நேரத்தில் 61. நாக்கு வெளியே வந்து அவள் விரலை நக்கியது. அப்புறம் கோழியைப் பிய்த்து ஊட்டினோம்.

இந்த இன்சுலின் பன்னிரண்டு மணிநேரம் வேலை செய்யும், அதனால் ஏறினது மறுபடி இறங்கும். விடிகிற வரைக்கும் அரை மணிக்கு ஒரு தரம் காதில் குத்திக்கொண்டிருந்தோம். 74, 58, மறுபடி சர்க்கரை, 83. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிரிஞ்சின் மூடியைக் குப்பையிலிருந்து எடுத்து அம்மாவிடம் காட்டினேன். பார்த்ததும் புரிந்துகொண்டாள். திட்டவில்லை. "செவப்பு என்னுது" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று மணி வாக்கில் கேட்டேன். "உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?"

"எனக்கு வராததா?"

"எப்ப?"

"வரும். விடியக்காலையில. வேர்த்து, கை உதறும். ரெண்டு வாய் போட்டுக்கிட்டா சரியாயிடும்."

"எத்தனை நாளா?"

பதில் இல்லை. பாண்டியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா? டப்பாவை எடுத்துக்குவ. இல்லன்னா அதுக்கும் ஒரு நோட்டு போடுவ."

வாயுள்ள ஜீவன்

மறுநாள் மத்தியானம் டவர் வந்ததும் மருத்துவர் அடுத்த இரண்டு ஊசிகளை நிறுத்தச் சொன்னார். பெண்ணையாற்றில் வெள்ளம் வந்து வழியெல்லாம் அடைபட்டுப் போனதால் பாண்டிக்குப் போக ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் அவன் பழையபடி ஆகி, பிஸ்கட்டுக்காக அம்மாவின் டீ டம்ளரைத் தட்டிவிட்டான். இப்போது ஒரு யூனிட்தான் போடுகிறோம். சீக்கிரம் கட்டுக்குள் கொண்டுவந்தால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போகும் என்கிறார் மருத்துவர். பார்க்கலாம்.

அம்மாவை அவளுடைய டாக்டரிடம் கூட்டிப் போனேன். ராத்திரி டோஸைக் குறைத்தார். உள்ளே போகும்போதே "அவரு முன்னாடி என்னைக் காட்டிக் கொடுக்காத" என்றாள், ஏதோ திருட்டுப் போல.

வாயில்லா ஜீவன் என்று சொல்லித்தான் ஊரிடம் பாண்டிக்காக வாதாடினேன். யோசித்துப் பார்த்தால் வாய் இல்லாததுதான் எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. பாண்டி "ஒண்ணுமில்ல, விடு" என்று சொல்ல மாட்டான். எனக்குத் தெரியாமல் டப்பா வைத்துக்கொள்ள மாட்டான். நான் போட்ட அலாரத்துக்கும் நோட்டுக்கும் அடங்கி இருந்தான். அம்மாவிடம் அந்த நோட்டு செல்லாது. காதில் குத்தி எண் எடுக்க விடமாட்டாள். எடுத்தாலும் பாதிதான் உண்மை சொல்வாள். என் பராமரிப்பு என்பதே அவளுக்குப் போலீஸ் வேலையாகத்தான் இருந்திருக்கிறது. பூனையை அம்மாவைவிட அதிகம் நேசித்தாயா என்று அக்கா ஃபோனில் கேட்டாள், பாதி விளையாட்டாக. இல்லை என்றேன். ஆனால் அந்தக் காவலருக்கு இப்போதும் என்னால் பதில் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. நான் போட்டுவிடுகிறேன் என்று ஒரு நாள் கேட்டும் பார்த்தேன். "உன் கை நடுங்கும், போ" என்றாள்.

குளிர்பெட்டியில் இப்போது இரண்டு பெட்டிகள், ஒன்று மேல்தட்டில், ஒன்று கீழ்க் கதவில். சமையலறையில் சர்க்கரை டப்பா திரும்ப வந்துவிட்டது. ஆனாலும் தலையணைக்கு அடியில் இருக்கும் புகையிலை டப்பாவை அவள் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. செவ்வாய், வெள்ளி அவள் கோயிலுக்குப் போகும்போது திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிடுவேன். பாண்டியின் நோட்டில் கடைசிப் பக்கத்தில், பென்சிலில், சின்ன எழுத்தில் ஒரு பட்டியல் ஓடுகிறது. ஜனவரி 10, முக்கால். ஜனவரி 14, முக்கால். ஜனவரி 17, முக்காலுக்குக் கொஞ்சம் கீழே.